ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குத்துச்சண்டைப் படம்: எதைப் போடுவது?

அக்கா மகனுக்கு வயது 15. பாக்ஸிங் கற்றுக்கொள்ளப் போய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் அவனுக்கு முதல் போட்டி. இரண்டாவது ரவுண்டிலேயே ரெஃப்ரி நிறுத்திவிட்டார். மூக்கில் கொஞ்சம் ரத்தம், வேறு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தவன் யாரிடமும் பேசாமல் கையில் சுற்றியிருந்த துணிப்பட்டைகளைப் பிரித்து, சோப்புப் போட்டு அலசி, மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டான். ஒவ்வொன்றும் நாலரை மீட்டர் நீளம். ஒரு துணியின் ஓரத்தில் மட்டும் பழுப்பாக ஒரு கறை போகாமல் இருந்தது. அக்கா அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இனிமே இதைத் துவைக்கிற வேலையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தாள். "தம்பி, நான் ஒண்ணும் அவனுக்கு எதிரி இல்ல. அடி வாங்குறதுல என்னடா இருக்குன்னு எனக்குப் புரியல, அவ்வளவுதான். நீதான் நிறையப் படம் பார்க்கிறியே. நிஜமா வாழ்ந்த பாக்ஸர் ஒருத்தரோட கதை ஒண்ணு சொல்லு. ஞாயித்துக்கிழமை மூணு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். அப்புறம் பேசிக்கலாம்."

நிஜமாக வாழ்ந்தவர் என்று சொன்னதுமே நம்ம ஊர்ப் படங்கள் பட்டியலில் இருந்து போய்விட்டன. 'சார்பட்டா பரம்பரை'யும் (2021) 'இறுதிச்சுற்று'ம் (2016) வடசென்னைக் குத்துச்சண்டையை நன்றாகக் காட்டிய படங்கள்தான். ஆனால் இரண்டும் கற்பனைக் கதைகள். பையன் இரண்டையும் பலமுறை பார்த்துவிட்டான், வசனமே சொல்வான். அக்காவுக்கு வேண்டியது வேறு. ஒருவன் உண்மையிலேயே இப்படி வாழ்ந்தான், அவன் வீட்டில் இருந்தவர்கள் அதைத் தாங்கினார்கள் என்கிற சாட்சி.

ஆறேழு படங்களை எழுதிவைத்து யோசித்தேன். முதலில் எல்லாரும் பார்க்கிற கணக்கைத்தான் நானும் பார்த்தேன்: எவ்வளவு நேரம் ஓடும், ரத்தம் எவ்வளவு, பதினைந்து வயதுப் பையனோடு பார்க்கலாமா, எவ்வளவு உண்மை. இரண்டு மூன்று படங்களை மனதில் ஓட்டிப் பார்த்ததும் வேறு ஒரு கேள்வி வந்து நின்றது. ரிங்குக்குள் இறங்கியவனுக்காக வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? அந்த ஆளுக்குப் படம் எவ்வளவு இடம் கொடுக்கிறது? அக்கா பார்க்கப் போவது அந்த ஆளைத்தான். பையன் குத்துகளைப் பார்ப்பான், அவள் வாசலைப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே படத்தில் இடம் இருக்க வேண்டும்.

'ரேஜிங் புல்'லில் இருந்து ஆரம்பிக்கிறேன். குத்துச்சண்டைப் படம் என்று பேச்செடுத்தால் யாரும் முதலில் சொல்கிற பெயர் அதுதான். மார்ட்டின் ஸ்கார்செஸி 1980ல் எடுத்தது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த மிடில்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவு) வீரர் ஜேக் லமோட்டாவின் வாழ்க்கை. லமோட்டாவாக நடித்த ராபர்ட் டி நீரோ, இளமைப் பகுதியை முடித்துக்கொண்டு படப்பிடிப்பை நிறுத்தச் சொல்லி, கிட்டத்தட்ட 27 கிலோ எடை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து பிற்பகுதியில் நடித்தார். அவருக்கும், எடிட்டர் தெல்மா ஸ்கூன்மேக்கருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. அந்த எடிட்டிங்கை நான் இன்றைக்கும் ரவுண்டு ரவுண்டாக நிறுத்திப் பார்ப்பேன். சுகர் ரே ராபின்சனோடு லமோட்டா ஆறு முறை மோதினார். ஜெயித்தது ஒரே ஒரு முறை, 1943ல். ஆனால் ராபின்சனை முதன்முதலாகத் தோற்கடித்தவர் அவர்தான். கடைசி மோதல் 1951 பிப்ரவரி 14ல் சிகாகோவில். 13வது ரவுண்டில் ரெஃப்ரி நிறுத்தினார், லமோட்டா மட்டும் கீழே விழவே இல்லை. அந்தச் சண்டை முடிந்ததும் கேமரா ரிங்கின் கயிற்றை ஒட்டியே நகர்ந்து போகும். கயிற்றில் இருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக விழும். கருப்பு வெள்ளையில் அது தார் போல இருக்கும்.

சரி, இவருக்காக வீட்டில் காத்திருப்பது யார்? மனைவி விக்கி. அந்த வீட்டில் விழுகிற அடி ரிங்கில் விழுவதை விடக் கொடுமையானது. லமோட்டாவுக்குச் சந்தேகம் தலைக்கேறி, மனைவியை அடிக்கிறார், கூடப் பிறந்த தம்பியை அவன் பிள்ளைகள் கண்முன்னாலேயே அடிக்கிறார். முழுப் படமும் கருப்பு வெள்ளை. நடுவில் கல்யாணமும் குழந்தைகளும் நீச்சல் குளமுமாக ஓடுகிற வீட்டுக் காட்சிகள் மட்டும் கலரில் வரும், யாரோ சொந்தக்காரர் சின்ன கேமராவில் பிடித்த மாதிரி. இந்த மனிதருக்கு வாய்த்த நல்ல நாட்கள் அந்தச் சில நிமிடங்கள்தான் என்று ஸ்கார்செஸி ஒரு வசனம் இல்லாமல் சொல்லிவிடுகிறார். பின்னால் இன்னொரு காட்சி. கையில் பணம் இல்லாமல் சாம்பியன் பெல்ட்டில் இருக்கும் கற்களைச் சுத்தியால் அடித்துப் பெயர்த்து விற்கக் கொண்டு போகிறார். கற்களுக்குப் பெரிய விலை இல்லை, பெல்ட்டை முழுசாகக் கொண்டு வந்திருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும் என்கிறார் கடைக்காரர்.

இதைவிடப் பெரிய படத்தை இந்த வகையில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு இது இல்லை. பாக்ஸிங் மனிதனை மிருகமாக்கிவிடும் என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும் ஒரு தாய்க்கு முன்னால் இந்தப் படத்தைப் போட்டால், அந்தப் பயத்துக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். லமோட்டாவின் கோபம் பாக்ஸிங்கால் வந்ததில்லை, அது ரிங்குக்கு வருவதற்கு முன்பே அவரிடம் இருந்தது, ரிங் அதற்குக் காசு கொடுத்தது. இதைப் புரிந்துகொள்ளப் படத்தை இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும். பையனுக்கு 18 வயது ஆகட்டும், நானே கூட உட்கார்ந்து காட்டுகிறேன்.

அடுத்து 'அலி'. மைக்கேல் மேன் இயக்கத்தில் 2001ல் வந்தது, வில் ஸ்மித் நடித்தது. இந்தப் பெயருக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு. 1980ல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிப் போட்டியில் இறங்கியபோது, கூட்டத்தில் எங்கள் அப்பாவும் ஒருவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அக்கா. பெயரைச் சொன்னாலே உட்கார்ந்துவிடுவாள்.

படத்தில் நல்ல விஷயங்கள் நிறைய. வாழ்க்கை முழுவதையும் சொல்ல முயலாமல், 1964ல் சோனி லிஸ்டனை வீழ்த்தியதில் தொடங்கி 1974ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் சாய்த்தது வரை பத்து வருடத்தோடு நிறுத்திக்கொண்டது புத்திசாலித்தனம். எதிராளிகளாக நிஜ பாக்ஸர்களையே போட்டார்கள். ஜோ ஃப்ரேசியராக வருபவர் ஜேம்ஸ் டோனி, லிஸ்டனாக வருபவர் மைக்கேல் பென்ட். அதனால் குத்துகளில் கனம் தெரியும். வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967ல் ராணுவத்தில் சேர மறுத்து, பட்டத்தையும் லைசென்ஸையும் இழந்து, மூன்றரை வருடம் ரிங் ஏறாமல் இருந்து, 1971ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது வரை படத்தின் நடுப்பகுதி. கின்ஷாசாவில் தெருவழியே ஓடிப் பயிற்சி எடுக்கும்போது, ஊர்ப் பிள்ளைகள் சுவரில் தன்னை வரைந்து வைத்திருப்பதைப் பார்த்து அலி நின்றுவிடுவார். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் 157 நிமிடம். அமெரிக்க அரசியல் தெரியாதவருக்கு முதல் ஒரு மணி நேரம் கையில் பிடிபடாது. மால்கம் எக்ஸ் யார், அலிக்கும் அவருக்கும் ஏன் விலகல், எலைஜா முகமது யார் என்று நான் ஒவ்வொன்றாக நிறுத்தி விளக்க வேண்டியிருக்கும். வீட்டு விஷயத்திலும் படம் மேலோட்டமாகவே போகிறது. மனைவிகள் வருகிறார்கள், வாதாடுகிறார்கள், போய்விடுகிறார்கள். அலிக்காகக் காத்திருப்பது ஒரு உலகமே. ஒரு தனி ஆள் அடுப்படியில் நின்று ரேடியோவை அணைக்கவா வேண்டாமா என்று தவிக்கிற காட்சி இதில் இல்லை. அலியைத்தான் பார்க்க வேண்டும் என்று பையன் பிடிவாதம் பிடித்தால், இதற்குப் பதில் 'வென் வி வேர் கிங்ஸ்' என்கிற ஆவணப்படத்தைப் போடுவேன். 1974 கின்ஷாசா மோதலை அந்த ஊரிலேயே இருந்து பிடித்து, பணமும் வழக்குமாகத் தள்ளிப்போய் 1996ல்தான் வெளிவந்தது, ஆஸ்கரும் வாங்கியது. அதில் பேசுவது நிஜ அலி. வில் ஸ்மித் எவ்வளவு உழைத்திருந்தாலும், அந்த மனிதரின் கண்ணில் இருக்கிற குறும்பை நடித்துக் கொண்டுவர முடியவில்லை.

'தி ஃபைட்டர்' எனக்கு மிகவும் பிடித்த படம். டேவிட் ஓ. ரஸல் 2010ல் எடுத்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் என்கிற பழைய ஆலை நகரம். மிக்கி வார்டு என்கிற வீரர், அவருக்குக் கோச்சாக இருக்கிற அண்ணன் டிக்கி, மேனேஜராக இருக்கிற அம்மா ஆலிஸ், போதாததற்குக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகள். டிக்கி ஒரு காலத்தில் சுகர் ரே லெனார்டோடு பத்து ரவுண்டு தாக்குப்பிடித்தவர். இப்போது போதைக்கு அடிமை. டிக்கியாக நடித்த கிறிஸ்டியன் பேலுக்கும் அம்மாவாக நடித்த மெலிஸ்ஸா லியோவுக்கும் ஆஸ்கர். மிக்கிக்குப் பயிற்சி கொடுத்த மிக்கி ஓ'கீஃப் என்கிற போலீஸ்காரர் படத்தில் தானாகவே வந்து நடித்திருக்கிறார். சண்டைக் காட்சிகளை அந்தக் கால டிவி ஒளிபரப்பு கேமராவை வைத்தே எடுத்ததால், வீட்டில் உட்கார்ந்து நேரலை பார்க்கிற மாதிரி இருக்கும்.

பாக்ஸிங் கற்கிற பையனுக்கு இதில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. மிக்கியின் ஆயுதம் இடது கையால் விலாவுக்குக் கீழே, ஈரலைப் பார்த்து வளைத்துப் போடுகிற ஹூக் என்கிற குத்து. தலைக்கு ஒன்று காட்டி, எதிராளி கையைத் தூக்கியதும் உடம்புக்கு ஒன்று. 1997ல் அல்ஃபோன்சோ சான்செஸோடு நடந்த போட்டியில் ரவுண்டுக்கு ரவுண்டு அடி வாங்கிக்கொண்டே இருந்தவர், ஏழாவது ரவுண்டில் அந்த ஒரே குத்தில் ஆட்டத்தை முடித்தார். பொறுமையாக இருந்தால் ஒரு திறப்பு வரும் என்று எங்கள் பையனின் மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பாராம். அதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் இந்தப் படத்தில் வீட்டில் காத்திருப்பவர் என்று யாரும் இல்லை. வீடு மொத்தமும் ரிங்கின் மூலையில் நிற்கிறது. அதுதான் மிக்கியின் பிரச்சினையே. தம்பியைப் பலசாலிகளுக்கு முன்னால் தள்ளிவிட்டுப் பணம் பார்க்கிற பாசமான குடும்பம் அது. பாசமும் பொய் இல்லை, தள்ளிவிட்டதும் பொய் இல்லை. அக்காவுக்கு இது புரியும், நிச்சயம் பிடிக்கும். படம் முழுக்கப் போதைப்பொருளும் கெட்ட வார்த்தையும் மட்டும் இல்லாமல் இருந்தால் யோசிக்காமல் இதையே சொல்லியிருப்பேன். பதினைந்து வயதுப் பையனும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள்.

டென்ஸெல் வாஷிங்டன் நடித்த 'தி ஹரிக்கேன்' (1999) பட்டியலில் சீக்கிரமே கழிந்துவிட்டது. ரூபின் கார்ட்டர் செய்யாத கொலைக்குச் சிறையில் கிடந்த கதை அது. சிறையும் வழக்கும்தான் முக்கால் படம். தவிர, 1964ல் ஜோயி ஜியார்டெல்லோவோடு நடந்த போட்டியில் கார்ட்டரை நிறவெறியால் தோற்கடித்துவிட்டார்கள் என்று படம் காட்டியது. ஜியார்டெல்லோ வழக்குப் போட்டு, பிறகு சமரசம் ஆனது. அன்றைக்கு ரிங் ஓரத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஜியார்டெல்லோ நியாயமாக ஜெயித்தார் என்றே எழுதியிருக்கிறார்கள். சாட்சி கேட்கிறவளுக்கு முன்னால் இதை வைப்பது சரியில்லை.

'மேரி கோம்' (2014) பற்றிப் பலரும் சொல்வார்கள்: இந்தியப் படம், தாய்க்குப் பிடிக்கும், குடும்பத்தோடு பார்க்க ஏற்றது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் எழுதிவைத்த அமெரிக்கப் படங்கள் எல்லாமே தொழில்முறைப் போட்டிகள், பத்து ரவுண்டு, பதினைந்து ரவுண்டு, தலைக்குக் கவசம் கிடையாது. எங்கள் பையன் ஆடுவது அமெச்சூர். மூன்று ரவுண்டு, ஹெட்கார்டு போட்டுக்கொண்டு. அந்த உலகம் அப்படியே இருக்கிற படம் 'மேரி கோம்' ஒன்றுதான். மணிப்பூரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1998 ஆசிய விளையாட்டில் டிங்கோ சிங் தங்கம் வாங்கியதைப் பார்த்து ஆசைப்பட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் கிளவுஸ் மாட்டி, இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகு திரும்பி வந்து உலகப் பட்டம் வாங்கிய பெண். மொத்தம் ஆறு உலகப் பட்டங்கள், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். இந்த வாழ்க்கைக்கு எதிரே நான் பேசியிருக்கும் ஆண்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும்.

ஆனால் நான் பேசுவது படத்தைப் பற்றி. மணிப்பூர்ப் பெண்ணின் வேடத்தைப் பிரியங்கா சோப்ராவுக்குக் கொடுத்தார்கள். அவர் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். என்றாலும் வடகிழக்கில் இருந்து ஒரு முகத்தைத் தேடியிருக்க வேண்டும் என்று அப்போதே எழுந்த வருத்தம் எனக்கும் உண்டு. மணிப்பூரில் இந்திப் படங்களுக்கு 2000ல் இருந்தே ஆயுதக் குழுவின் தடை இருந்ததால், மேரி கோமின் சொந்த ஊர் தியேட்டரில் அந்தப் படம் ஓடவில்லை. அவர் கதையை அவர் ஊர்க்காரர்கள் தியேட்டரில் பார்க்க முடியாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. முடிவிலும் ஒரு சிக்கல். 2008ல் சீனாவின் நிங்போ நகரில் இறுதிப் போட்டி நடக்கும் அதே நேரத்தில், இங்கே குழந்தைக்கு இதய அறுவைச் சிகிச்சை நடப்பதாகப் படம் காட்டுகிறது. அறுவைச் சிகிச்சை உண்மை, நடந்தது 2011ல். அவர் அப்போதும் போட்டிக்காகச் சீனாவில்தான் இருந்தார். இரண்டையும் ஒரே நாளில் கட்டியதும், அழ வைப்பதற்காகச் செய்தது என்று தெரிந்துவிடுகிறது. அந்தத் தாயின் உண்மையான தவிப்புக்கு இந்த உதவி தேவையே இல்லை. அக்கா அழுவாள். அழுது முடித்ததும், "பிள்ளையை விட்டுட்டு எப்படிடா போனா?" என்று ஒரு கேள்வி கேட்பாள். படத்திடம் அதற்குப் பதில் இல்லை, பின்னணி இசைதான் இருக்கிறது.

இன்னும் ஒரு படம், பலரும் கேள்விப்படாதது. 'ஒல்லி மாக்கியின் வாழ்வில் மிக மகிழ்ச்சியான நாள்' என்று தமிழில் சொல்லலாம். பின்லாந்து நாட்டுப் படம், 2016, ஜூஹோ குவோஸ்மனேன் இயக்கியது, கேன்ஸ் விழாவில் பரிசு பெற்றது. 1962 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் நடந்த ஃபெதர்வெயிட் (குறைந்த எடைப் பிரிவுகளில் ஒன்று) உலகப் பட்டப் போட்டிதான் களம். அமெரிக்க சாம்பியன் டேவி மூருக்கு எதிரே ஒல்லி மாக்கி. அவர் சிறிய ஊர் ஒன்றிலிருந்து வந்த பேக்கரித் தொழிலாளி. நாடே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது. மேனேஜர் போட்டோ எடுக்கவும் விருந்துக்குப் போகவும் இழுத்துக்கொண்டே இருக்கிறார். எடை குறைய வேண்டும். இதற்கு நடுவில் இவர் ரைஜா என்கிற பெண்ணைக் காதலிக்க ஆரம்பித்துவிடுகிறார். போட்டியில் இரண்டாவது ரவுண்டிலேயே தோற்கிறார்.

இரண்டாவது ரவுண்டு. இந்தப் படத்தை நினைத்ததுமே பையனின் முகம் ஞாபகம் வந்தது அதனால்தான். தோற்ற அன்று இரவு மாக்கியும் ரைஜாவும் துறைமுகத்தின் ஓரமாக நடந்து போவார்கள். எதிரே ஒரு வயதான தம்பதி கைகோத்துக்கொண்டு வருவார்கள். அந்த இரண்டு பேரும் நிஜ ஒல்லி மாக்கியும் நிஜ ரைஜாவும். தோற்றவன் அத்தனை வருடம் அவளோடு வாழ்ந்திருக்கிறான் என்பதை அந்த ஒரு ஷாட் காட்டிவிடுகிறது. படம் சொல்லாத ஒன்றும் உண்டு: அந்தத் தோல்விக்கு இரண்டு வருடம் கழித்து, 1964ல், மாக்கி ஐரோப்பியப் பட்டம் வென்றார்.

மனசுக்குப் பிடித்த படம் எது என்று என்னைக் கேட்டால் இதுதான். மூன்று பேரும் சேர்ந்து பார்க்க இது ஒத்துவராது. மெதுவாக நகர்கிற கருப்பு வெள்ளைப் படம், பின்னிஷ் மொழி, சண்டை கடைசியில் சில நிமிடம்தான். பையன் ஒரு வாரமாகக் கூனிக்குறுகிக் கிடக்கிறான். இப்போது இதைப் போட்டால், "நீ தோத்ததுக்குத் தோத்தவன் படம் போடுறேன்" என்று சொன்ன மாதிரி அவன் காதில் விழும். இன்னும் மூன்று நான்கு போட்டிகள் போகட்டும். ஒன்றிரண்டு ஜெயிக்கட்டும். அப்புறம் தனியாக அவனுக்கு மட்டும் கொடுப்பேன்.

அப்படியானால் மிஞ்சுவது 'சிண்ட்ரெல்லா மேன்'. ரான் ஹோவர்ட் 2005ல் எடுத்தது. ரஸல் குரோவ், ரெனே ஸெல்வெகர், பால் ஜியாமட்டி. 144 நிமிடம். பொருளாதாரப் பெருமந்தக் காலத்து அமெரிக்கா. ஜேம்ஸ் பிராடக் ஒரு காலத்தில் பெயர் எடுத்த பாக்ஸர். 1929ல் டாமி லாஃப்ரனிடம் பட்டப் போட்டியில் தோற்றார், அதற்கப்புறம் வலது கை உடைந்து உடைந்து சரியாகாமல், ஆட்டம் கைவிட்டுப் போய், நியூ ஜெர்சி துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். அங்கேயும் தினமும் வேலை கிடைக்காது. கையில் கட்டு இருப்பது தெரிந்தால் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று, வெள்ளைக் கட்டின் மேல் கருப்பு ஷூ பாலீஷ் பூசி மறைத்துக்கொண்டு போவார். வலது கை ஆகாததால் இடது கையாலேயே இழுத்து இழுத்து, அந்தக் கைக்குத் தன்னை அறியாமல் ஒரு பலம் ஏறியது. திரும்பி ரிங்குக்கு வந்தபோது எதிராளிகளைத் திணறடித்தது அந்த இடது கைதான்.

படத்தில் நான் மறக்காத இடம் காலைச் சாப்பாடு. சட்டியில் ஆளுக்கு ஒரு துண்டு இறைச்சிதான். சின்ன மகள் இன்னும் பசிக்கிறது என்கிறாள். அப்பா தன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு, ராத்திரி கனவில் பெரிய ஹோட்டலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டேன், இனி ஒரு வாய் இறங்காது என்கிறார். மனைவி மே பாலில் தண்ணீர் ஊற்றிக் கலக்குவாள். பிராடக்கின் மகன் கறிக்கடையில் ஒரு துண்டு திருடிக்கொண்டு வந்ததும், அவனை அழைத்துப் போய்த் திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டு, உன்னை ஒருநாளும் வேறு வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று சத்தியம் செய்வார். நம் ஊரில் பஞ்சம் பார்த்த தலைமுறையின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஒன்றுக்கும் விளக்கம் தேவைப்படாது. அரசு நிவாரணப் பணம் வாங்க வரிசையில் நின்றவர், ஜெயித்துப் பணம் வந்ததும் அதே அலுவலகத்துக்குப் போய் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டினார். இது சினிமாவுக்காகச் சேர்த்ததில்லை, பிராடக் நிஜமாகவே செய்தது.

எதற்காகச் சண்டை போடுகிறீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். பால் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்.

1935 ஜூன் 13ல் நியூயார்க்கில், ஹெவிவெயிட் சாம்பியன் மேக்ஸ் பேருக்கு எதிரே பிராடக். பந்தயக்காரர்கள் அவருக்குக் கொடுத்த வாய்ப்பு பத்தில் ஒன்று. 15 ரவுண்டு முழுக்க நின்று, மூன்று தீர்ப்பிலும் ஜெயித்தார். அவருக்கு நாக்-அவுட்டாக ஒரே குத்தில் முடிக்கும் வெற்றி கிடைக்கவில்லை. ஜாப் என்கிற நேர்க்குத்து, நகர்வு, பொறுமை என்று ஒவ்வொரு ரவுண்டாகச் சேர்த்துக்கொண்ட புள்ளிகள்தான் அவரை ஜெயிக்கவைத்தன. அமெச்சூர் பையன் பார்க்க வேண்டிய வெற்றி இப்படிப்பட்டதுதான். அவனும் புள்ளிக் கணக்கில்தான் ஜெயிக்கப் போகிறான்.

எல்லாவற்றையும் விட, மே இருக்கிறாள். அவளுக்கு இந்தத் தொழில் பிடிக்காது. போட்டியை நேரில் பார்க்கப் போக மாட்டாள். ரேடியோவில் கூடக் கேட்க மாட்டாள், பிள்ளைகள் ஒளிந்து கேட்பார்கள். பட்டப் போட்டிக்கு முன் கணவனிடம் வெளிப்படையாகச் சண்டை போடுகிறாள். அவன் பணத்துக்காகத்தான் போகிறான் என்று தெரிந்தும், போகாதே என்கிறாள். அவள் சொல்வதில் தப்பு இருப்பதாகப் படம் ஒரு இடத்திலும் காட்டவில்லை. பயம் கோழைத்தனம் என்று யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கவில்லை. போட்டி நாளன்று வேண்டிக்கொள்ள அவள் தேவாலயத்துக்குப் போகிறாள். அங்கே ஊரே உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் அவள் புருஷனுக்காக வேண்டிக்கொள்ள வந்தவர்கள். அங்கிருந்து அவள் நேராக டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகிறாள். அவள் மனம் மாறியதாகக்கூடச் சொல்ல முடியாது. பயம் அப்படியே இருக்கிறது, ஆனாலும் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அக்காவிடம் நான் எதிர்பார்ப்பது அதிகபட்சம் இவ்வளவுதான். பையனை விட்டுவிட வேண்டும் என்றோ, விடக்கூடாது என்றோ இந்தப் படம் அவளுக்குச் சொல்லாது. அவளைப் போலவே இருந்த ஒருத்தியை அவள் பக்கத்தில் உட்காரவைக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் படம் தப்புச் செய்திருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பரிந்துரைக்க எனக்கு மனசு வரவில்லை. மேக்ஸ் பேரைக் கொடூரனாகக் காட்டிவிட்டார்கள். இரண்டு பேரைக் குத்தியே கொன்றவன் என்று பெருமையடித்துக்கொண்டு, மேயிடம் விதவையாகப் போகிறாய் என்கிற மாதிரிப் பேசுகிறவனாக வருகிறான். நிஜ மேக்ஸ் பேர் அப்படி இல்லை. 1930ல் அவரோடு மோதிய ஃபிராங்கி கேம்பல் இறந்துபோனது அவரைக் கடைசி வரை வாட்டியது. கேம்பலின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து உதவினார். இரண்டாவதாகச் சொல்லப்படும் எர்னி ஷாஃப், மேக்ஸ் பேரோடு மோதிப் பல மாதம் கழித்து, 1933ல் பிரிமோ கார்னெராவோடு மோதியபோதுதான் விழுந்து இறந்தார். அதே 1933ல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருடத்தில், ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கைத் தாவீதின் நட்சத்திரம் பதித்த டிரவுசரோடு வீழ்த்தியவர் மேக்ஸ் பேர். ஒரு நல்லவனை உயர்த்துவதற்கு இன்னொரு நல்லவனைத் தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லை. பையன் நாளைக்கு எதிர்மூலையில் நிற்கிறவனைப் பகையாளியாக நினைத்துவிடக் கூடாது. அவன் வீட்டிலும் ஒரு அம்மா காத்திருப்பாள். அதனால் படம் முடிந்த கையோடு மேக்ஸ் பேரைப் பற்றிப் பையனிடம் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கும் ஒன்று குறித்து வைத்திருக்கிறேன். படத்தில் வருகிற 15 ரவுண்டு இன்றைக்கு எங்கேயும் கிடையாது. 1982ல் கொரிய வீரர் டுக் கூ கிம் ஒரு பட்டப் போட்டிக்குப் பின் இறந்ததும், தொழில்முறைப் பட்டப் போட்டிகளே 12 ரவுண்டாகக் குறைந்தன. பையன் ஆடுவது மூன்று. போன வாரம் ரெஃப்ரி சீக்கிரமாக நிறுத்தியதை அவன் அவமானமாக நினைக்கிறான், அவள் ஆபத்தாக நினைக்கிறாள். நிறுத்தியதுதான் பாதுகாப்பு. அந்தக் காலத்தில் பல பேரை யாரும் நிறுத்தவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்குப் போட்டால் ஐந்தரைக்குள் முடிந்துவிடும். தமிழ் சப்டைட்டில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருகிறேன். போனில் அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: மே தேவாலயத்துக்குக் கிளம்புகிற காட்சி வரும்போது டீ போட எழுந்து போய்விடாதே, அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.